புதுச்சாமை உருண்டை

தை நெருங்கினால் எனக்கு எதுவும் பிடிக்காது. ஊரே வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் எதையாவது சாக்குவைத்துச் சிடுசிடுத்துக்கொண்டு திரிவேன். "நல்ல நாளும் அதுவுமா உனக்கு என்னம்மா கேடு?" என்று என் மகள் கேட்பாள். அவளுக்கு இந்தக் கதை தெரியாது. கதையில் அவளும் இருக்கிறாள், அதனால்தான் சொல்லவில்லை.

நான் பிறந்த வீடு கொல்லிமலையில், ஆலத்தூர் நாட்டில்; மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. எங்கள் வீட்டில் மாட்டுப் பொங்கல் அன்று சாயங்காலம்தான் பெரிய சாப்பாடு. அந்த வருடம் அறுத்த புதுச்சாமையை அன்றைக்குத்தான் முதன்முதலாக உலையில் போடுவோம். அதுவரை வீட்டில் சாமை குவிந்து கிடந்தாலும் ரேஷன் அரிசியும் குச்சிக்கிழங்கும்தான். பங்காளி வகையறா இருபது பேர் வாசலில் பந்தியாக உட்கார்வார்கள். வீட்டின் மூத்த ஆண், புதுச்சாமைச் சோற்றில் அவரைக்காய்க் குழம்பை ஊற்றிப் பிசைந்து, எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டி, ஒவ்வொருவர் கையிலும் வைப்பார். இலையில் வைக்கக் கூடாது, கையில்தான். வாங்கினவர் அதை வாயில் போட்டு விழுங்கின பிறகுதான் அடுத்த ஆளிடம் நகர்வார். கடைசி ஆள் விழுங்கும்வரை இலையில் ஒன்றும் விழாது. உள்ளே கோழிக்குழம்பு கொதித்து மணக்கும். சின்ன வயதில் அந்தக் கடைசி ஆளைப் பார்த்து, சீக்கிரம் விழுங்கித் தொலையேன் என்று மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

ஒரே கையால் எல்லார் வயிற்றுக்கும் சோறு போனால் அந்த வருடம் பங்காளிகளுக்குள் பகை வராது என்பார்கள். பகை வருடம் தவறாமல் வந்தது. அதற்காக உருண்டையை யாரும் விடவில்லை.

அப்பா இருந்தவரை அவர் கொடுத்தார். அவர் போன பிறகு அண்ணன் கொடுத்தான். அப்போது அவனுக்கு இருபது வயது, எனக்குப் பதினாறு. போர்வெல் போடுகிற லாரியில் வேலைக்குப் போயிருந்தான். ஆந்திரா, ஒரிசா என்று எங்கெங்கோ கிணறு தோண்டிக்கொண்டு கிடப்பான். ஆனால் மாட்டுப் பொங்கலுக்கு மட்டும் எந்தச் சீமையில் இருந்தாலும் வந்து சேர்ந்துவிடுவான். ஒருமுறை கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, அடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து காட்டுவழியாகவே ஏறி வந்தான். வந்த கையோடு கால்கூடக் கழுவாமல் குண்டாவில் கையை விட, அம்மா கரண்டியால் மணிக்கட்டில் ஒன்று போட்டாள். எல்லாரும் சிரித்தோம். அவன் கை அப்போது மண்வெட்டிப் பிடி மாதிரி இருக்கும்.

தொண்ணூற்றேழாம் வருடம் புரட்டாசியில் அவன் பொங்கலுக்குக் காத்திருக்காமல் வந்துவிட்டான். இறக்கிவிட்டுப் போன டிரைவர், "காய்ச்சல் விடமாட்டேங்குதுங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் போனான். அண்ணன் பாதி ஆளாக இருந்தான். நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். எங்கள் வீட்டில் பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்தி. படிப்பு என்றால் எதையும் சமாளித்துவிடும் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

அது எய்ட்ஸ் என்று அங்கே சொன்னார்கள். லாரி ஓடுகிற எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் எல்லாருக்கும் அது அடுத்த ஊர்க்காரனுக்கு வருகிற சீக்கு. அண்ணனை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஒரு நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். என் இடுப்பில் என் மகள், ஐந்து மாதக் குழந்தை. அவள் முதலில் குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள்.

"ஒரே தட்டுல சாப்பிடலாம்மா. தொடலாம், கட்டிப் புடிக்கலாம், கொழந்தைய அவர் மடியில போடலாம். சோத்துலயும் தண்ணியிலயும் இது வராது. தள்ளி மட்டும் வெச்சுராதீங்க, அதுலயே பாதி உசுரு போயிரும்" என்றாள்.

புரிந்ததா என்று கேட்டாள். புரிந்தது என்றேன். புரியத்தான் செய்தது, அதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் எனக்கு மன்னிப்பு இல்லை என்கிறேன். புரியாமல் செய்திருந்தால் பாமரத்தி என்று விட்டுவிடலாம்.

அம்மாவிடம் சளிக்காய்ச்சல் என்று சொல்லிவைத்தோம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஐப்பசி முடிவதற்குள் லாரிக்காரன் சீக்கு என்று மலை முழுக்கப் பேச்சாகிவிட்டது. யாரும் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடையில் அண்ணனுக்கு டீயைப் பேப்பர் கப்பில் கொடுத்தார்கள். முடிவெட்டுகிறவர் இன்றைக்குக் கத்தி சாணைக்குப் போயிருக்கிறது என்றார், அடுத்த வாரமும் அதையே சொன்னார். எங்கள் சொந்தக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

நான் வாக்கப்பட்ட ஊர் அங்கிருந்து இரண்டு மணிநேர நடை. மார்கழிக் கடைசியில் அம்மா ஆள் விட்டுக் கூப்பிட்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது என் வீட்டுக்காரர் மறுக்கவில்லை. அவர் நல்ல மனிதர். கட்டுச்சோற்று மூட்டையை எடுத்துக் கொடுத்தார், வேலிவரை வந்தார், "கொழந்தையப் பாத்துக்க" என்றார். அவ்வளவுதான். அது யாரும் யாருக்கும் சொல்கிற வார்த்தைதான். வழியெல்லாம் அந்த வார்த்தை என் கூடவே நடந்து வந்தது.

அம்மா வாசலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்தாமலே விஷயத்தைச் சொன்னாள்.

"உன்ற சித்தப்பன் வந்துட்டுப் போனாரு. பையன் ஒடம்பு முடியாம இருக்கறான், இந்த வருசம் உருண்டைய நான் குடுக்கறேனுங்கறாரு. எப்பிடி இருக்குது பாரு. என்ற மவன் உசுரோட இருக்கறப்ப அவரு எதுக்குக் குடுக்கோணும்?"

"ஒடம்பு முடியலீல்லம்மா. சித்தப்பாவே குடுக்கட்டும்" என்றேன்.

அப்போதுதான் உலக்கையை நிறுத்தினாள். "ஊரு என்ன பேசுதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சயா? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, இருவது பேரும் அவன் கையில வாங்கித் தின்னுட்டா அப்பறம் எவனாச்சும் பேசுவானா? தின்ன வாயி எப்பிடிப் பேசும்?"

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவள் போட்ட கணக்கும் தப்பில்லை. எங்கள் மக்களுக்குச் சோறுதான் சத்தியம், கோயிலில் சூடம் அணைத்துச் சொன்னால்கூட அடுத்த வாரம் மாற்றிப் பேசுவார்கள். ஒருவன் கையில் புதுச்சாமை வாங்கித் தின்றுவிட்டு அவனைத் தள்ளிவைக்க எங்கள் நாட்டில் யாருக்கும் வாய் வராது. அந்த ஒரு சாப்பாட்டில் அண்ணனைத் திரும்ப மனிதர்களோடு உட்காரவைத்துவிடலாம் என்று அம்மா நம்பினாள். அவனுக்கு எத்தனை நாள் மிச்சமோ, அத்தனை நாளும் நாலு பேரோடு இருக்கட்டும் என்று நினைத்தாள்.

ஒத்துக்கொள்ளாதவன் அண்ணன்தான். "வேண்டாம்மா. வாங்கலீன்னா அசிங்கமாப் போயிரும்" என்றான். அம்மா என்னைப் பார்த்தாள். அவனைச் சம்மதிக்க வைக்கிற வேலை எனக்கு வந்தது.

பொங்கலன்று காலை வெயிலில் பாயைப் போட்டு அவன் மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தான். வேறு கனமான வேலை அவனால் முடியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சாமையில் கல் பொறுக்கினேன். குழந்தை தவழ்ந்துபோய் அவன் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கீழே இரண்டு பல் முளைத்திருந்தது. அவன் மொச்சைக்கொட்டையை மறைத்து மறைத்துக் காட்டி விளையாட்டுக் காட்டினான். தூக்கவில்லை. வந்ததிலிருந்து அவன் அவளைத் தூக்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அண்ணா, பந்தியில மொத உருண்டை யாருக்கு?" என்று கேட்டேன்.

"கட்டிக்குடுத்த பொண்ணுக்கு. உனக்குத்தான்."

"நான் வாங்கித் தின்னா மத்தவங்க எப்பிடி மாட்டேம்பாங்க? இவளுக்கு இன்னும் கஞ்சித் தண்ணியத் தவிர எதுவும் குடுக்கல. மாமன் கையிலதான் மொதச் சோறுன்னு வெச்சிருக்கறேன். எனக்குக் குடுத்துட்டு இவ வாயில ஒரு பருக்க ஊட்டு. ஒம்போது மாசக் கொளந்தையே தின்னுச்சுன்னா பெரிய ஆளுங்க வாய மூடிக்கிட்டுத் திம்பாங்க."

இது அம்மா சொல்லிக்கொடுத்ததில்லை. என் சொந்த யோசனை. பத்தாவது படித்த மூளை.

அவன் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "கொளந்தைக்குமா? நெசமாவா?"

"நர்ஸம்மா சொன்னத அன்னைக்கே உங்கிட்டச் சொன்னனே. சோத்துல வராது."

"நீ குடுப்பயா?"

"குடுப்பேன்."

அவன் மறுபடி மொச்சையை உரித்தான். கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சினான். அழுகிறானோ என்று பார்த்தேன், சிரித்துக்கொண்டுதான் இருந்தான். புரட்டாசியில் வந்ததிலிருந்து அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. மறுநாள் சாயங்காலம் போட்டுக்கொள்ள நீலச் சட்டையைத் துவைத்துப் போடச் சொன்னான்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். அம்மா வாசலைச் சாணி போட்டு மெழுகினாள். நான் வாழை இலை அறுத்து வந்தேன். அரசாணிக்காய்ப் பொரியல், மொச்சைக்குழம்பு, அவரைக்காய்க் குழம்பு, வெல்லம் போட்ட சாமைப்பொங்கல், அவித்த குச்சிக்கிழங்கு, மலைவாழைப்பழம். இரண்டு சேவலை அறுத்து, கொடியிலிருந்து பச்சை மிளகு பறித்து அரைத்துக் குழம்பு வைத்தோம். அண்ணனுக்கு வாயெல்லாம் புண். அவனுக்காக அம்மா ஒரு சின்னச் சட்டியில் மிளகில்லாமல் நாலு துண்டைத் தனியாக வேகவைத்தாள். "அவன் திம்பான் பாரு இன்னைக்கு" என்று சொல்லிச் சொல்லி அந்தச் சட்டியைக் கிளறினாள்.

மத்தியானம் பேளுக்குறிச்சி பாய் வந்தார். மிளகு வாங்குகிறவர். அப்பா காலத்திலிருந்து எங்கள் கொடிக்கு அவர்தான். பறிப்பதற்கு முன்னால் கொடியைப் பார்க்க வருகிற வருகையை அவர் மாட்டுப் பொங்கலன்றுதான் வைத்துக்கொள்வார். பட்டையும் கிராம்பும் ஒரு பொட்டலம் கொண்டுவருவார். எங்கள் வீட்டுக் கோழியைச் சாப்பிடமாட்டார், சாமைச்சோற்றையும் அவரைக்காயையும் ஒரு கை பார்ப்பார். அந்த வருடம் அவருக்கு நோன்பு மாசம். தண்ணீர்கூட வேண்டாம் என்று பலா மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார்.

மூன்று மணியிலிருந்தே அண்ணன் கை கழுவ ஆரம்பித்துவிட்டான். நகத்தை ஒட்ட வெட்டினான். சோப்புப் போட்டுக் கழுவினான், பிறகு சாம்பல் போட்டுத் தேய்த்தான், மறுபடியும் சோப்பு. தண்ணீர் ஊற்றியது நான்தான். நாலாவது முறை, "போதும்ணா, தோல் உரிஞ்சுரும்" என்றேன். அவன் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தான்.

பொழுது சாய்கிற நேரத்துக்குப் பங்காளிகள் வந்தார்கள். யாரும் வராமல் இருந்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தோம். எல்லாருமே வந்தார்கள். அதைப் பார்த்து அம்மா முகம் மலர்ந்தது. முதல் இலையில் நான், மடியில் குழந்தை. அடுத்து சித்தப்பா. அவருக்கப்புறம் அவர் மக்கள், மற்ற பங்காளிகள், கடைசி இலையில் பாய். அடுப்படி வாசலில் குழம்புச் சட்டியோடு அம்மா நின்றாள்.

அண்ணன் குண்டாவோடு வந்தான். நீலச் சட்டை தோளில் தொங்கியது. என் முன்னால் குனிந்து, சோற்றை அள்ளி, பதமாக உருட்டி, என் உள்ளங்கையில் வைத்தான். சூடாக இருந்தது. வாயில் போட்டேன். விழுங்கினேன். பந்தியில் எல்லாரும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா தன் வலது கையைத் துண்டில் துடைத்துத் தயாராக வைத்ததையும் பார்த்தேன். அதை நான் பொய்யாகச் சொல்லவில்லை. அவர் வாங்கத் தயாராகத்தான் இருந்தார்.

அண்ணன் குண்டாவிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்து, நெல்லிக்காய் அளவுகூட இல்லை, விரல்நுனியில் நசுக்கிக் குழைத்தான். "வா சாமி, மாமன் கையில வாங்கு" என்று குழந்தையின் வாயருகே கொண்டுவந்தான். அவள் வாயைத் திறந்துகொண்டு முன்னால் எட்டினாள்.

நான் அவள் முகத்தைத் திருப்பி என் தோளில் அழுத்திக்கொண்டேன்.

யோசித்துச் செய்ததில்லை. நர்ஸ் சொன்னது நினைவிருந்தது, நேற்றுச் சொன்ன சொல் நினைவிருந்தது, நம்பிக்கைகூட இருந்தது. கை மட்டும் நம்பவில்லை. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். என் தசை ஆடியது, கூடப்பிறந்தவனுக்கு எதிராக ஆடியது.

"தூங்குதுண்ணா" என்றேன்.

கொட்டக் கொட்ட விழித்திருந்த குழந்தை, சோறு போய்விட்டதே என்று அந்த நிமிடமே வீறிட்டு அழுதது. தோளுக்கு மேலே எக்கி, இரண்டு கையையும் அவனை நோக்கி நீட்டியது.

அண்ணனின் விரல் குழந்தையின் வாய் இருந்த இடத்திலேயே நின்றது. அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் தலைகுனிந்திருந்ததால் அவன் பாதம் மட்டும் தெரிந்தது. பிறகு அவன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "ஆமா, கொளந்தைக்கு இன்னும் பல்லே மொளைக்கல. தொண்டையில சிக்கிக்கும். நாந்தான் தெரியாம குடுக்கப் போயிட்டேன்."

அந்த இரண்டு பல்லை முதலில் பார்த்து எனக்குக் காட்டியவனே அவன்தான். என் மானத்தைக் காப்பாற்ற அந்த நேரத்திலும் அவனுக்கு ஒரு பொய் கிடைத்தது. எனக்கு அவனைக் காப்பாற்ற ஒன்றும் கிடைக்கவில்லை.

அவன் சித்தப்பாவிடம் நகர்ந்தான். சித்தப்பா நீட்டியிருந்த கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். "எனக்குக் காலையில இருந்தே வவுறு செரியில்ல சாமி. எலையில வெய்யி, அப்பறமாத் திங்கறேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. பாவம், தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார். தாயே பிள்ளைக்குக் கொடுக்கப் பயப்படுகிறாள் என்றால் அவருக்கு மட்டும் என்ன தலையெழுத்தா?

இலையில் வைக்கக் கூடாது என்பதுதானே வழக்கம். விழுங்காமல் நகரக் கூடாது என்பதும் வழக்கம். அண்ணன் உருண்டையை அவர் இலை ஓரத்தில் வைத்தான். அடுத்த ஆளும் கையை நீட்டவில்லை, இலையைக் காட்டினார். அதற்கடுத்த ஆள் காட்டக்கூட இல்லை. அண்ணன் யாரையும் கேட்காமல் ஒவ்வொரு இலையிலும் ஒன்று வைத்துக்கொண்டே போனான். ஒருத்தரையும் விட்டுவிடவில்லை. என் குழந்தை ஓயாமல் அழுதுகொண்டிருந்தது. அம்மா குழம்புச் சட்டியோடு நின்ற இடத்திலேயே நின்றாள்.

கடைசி இலையில் பாய் அப்போதுதான் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்து நோன்பு திறந்திருந்தார். இலையில் வைக்கப் போன அண்ணனைத் தடுத்து, இலைமேல் தன் வலது கையை விரித்து நீட்டினார். "கையில குடு தம்பி. உங்கப்பாரு எப்பவும் கையிலதான குடுப்பாரு" என்றார். வாங்கி, வாயில் போட்டு, மென்று விழுங்கினார். "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார்.

அவருக்கு விஷயம் தெரியாது, அதனால்தான் தின்றார் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். பேளுக்குறிச்சிச் சந்தையில் தெரியாத விஷயம் ஏது? தெரிந்துதான் தின்றார் என்று நான் நினைக்கிறேன். அதை நினைத்தால் எனக்கு ஆறுதல் வருவதில்லை. எங்கோ மிளகு வாங்க வந்த மனிதர் செய்ததை நான் செய்யவில்லை என்றுதான் வருகிறது.

அப்புறம் சாப்பாடு நடந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், நன்றாகவே நடந்தது. எல்லாரும் பேசினார்கள், மிளகு விலையைப் பற்றி, மாட்டைப் பற்றி. கோழிக்குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். உருண்டையைச் சுற்றி நாலாபக்கமும் இலை காலியானது. கடைசியில் உருண்டையை உள்ளே வைத்து இலையை மூடிவிட்டு எழுந்தார்கள். நானும் சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட்டேன் என்று கேட்காதீர்கள். பசித்தது, சாப்பிட்டேன்.

அண்ணன் உட்காரவே இல்லை. அம்மா சின்னச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கெஞ்சினாள். "அப்பறம் திங்கறேம்மா" என்றான். இலைகளை எடுக்க நான் போனபோது, "நீ கொளந்தையப் பாரு, நான் எடுக்கறேன்" என்று சொல்லி அவனே எடுத்தான். ஒவ்வொரு இலையாகப் பிரித்து உருண்டையை மட்டும் தவிட்டுக் கூடையில் போட்டான். மாட்டுக்குப் போட்டான். மாடு எல்லாவற்றையும் தின்றது.

மறுநாள் காலையில் மேலே பரண் மேலிருந்து ஒரு பழைய அலுமினியத் தட்டையும் டம்ளரையும் இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, மாட்டுக் கொட்டாய் ஓரமாகத் தனியே கவிழ்த்து வைத்தான். அதுவரை நாங்கள் யாரும் அவனுக்குத் தனித்தட்டு வைத்ததில்லை. இனிமேல் தன் தட்டில் தானே போட்டுத் தின்று தானே கழுவிக்கொள்வதாகச் சொன்னான். அம்மா அழுது பார்த்தாள், கேட்கவில்லை. நான் கிளம்பும்போது வேலிவரைகூட வரவில்லை. கொட்டாயிலிருந்தபடியே குழந்தைக்கு டாட்டா காட்டினான். கழுவிக் கழுவிச் சிவந்த கை. "அண்ணா, என்னை மன்னிச்சிரு" என்று சொல்ல வாயெடுத்தேன். "பாத்துப் போ, வழியில மாடுங்க வரும்" என்று அவன் முந்திக்கொண்டான்.

குழந்தைக்கு முதல் சோற்றை என் கையாலேயே ஊட்டினேன், என் வீட்டில், ஏதோ ஒரு நாளில். எந்த நாள் என்று நினைவில்லை.

பங்குனியில் அண்ணன் இறந்துவிட்டான். அந்த அலுமினியத் தட்டையும் குழியில் போடச் சொன்னார்கள். அம்மா தரமாட்டேன் என்று கத்தினாள். சாவு வீட்டில் அவள் கத்தியது அதற்கு மட்டும்தான். பந்தியில் நடந்ததைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நான் போகும்போதெல்லாம் "சாப்புடு கண்ணு" என்றாள், இலையில் ஒரு கரண்டி கூடுதலாக வைத்தாள்.

அடுத்த தை வந்தது. துக்கம் நடந்த வீடு, ஒரு வருடம் முடியாமல் பொங்கல் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். மாட்டுப் பொங்கல் சாப்பாட்டை நிறுத்தக் கூடாது என்று அம்மாவே சொல்லிவிட்டாள். முன்போலவே சாமை குத்தினாள், சேவல் அறுத்தாள். பங்காளிகள் எல்லாரும் வந்தார்கள். இப்போது மூத்த ஆண் சித்தப்பாதான். அன்று பகலெல்லாம் மாடு பிடித்துக் கட்டிய கை, நகக்கண்ணில் அழுக்கு. ஒரு செம்புத் தண்ணீரில் அலம்பிவிட்டுக் குண்டாவை எடுத்தார்.

முதல் இலையில் நான். என் மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஒன்றே முக்கால் வயது, ஓரிடத்தில் நிற்கமாட்டாள். சித்தப்பா என் கையில் உருண்டையை வைத்தார். தின்றேன். பிறகு கொஞ்சம் கிள்ளி, "வா சாமி, தாத்தன் கையில வாங்கு" என்று குழந்தையிடம் நீட்டினார். என் கை அசையவே இல்லை. அவள் ஆவென்று வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு இன்னும் வேண்டும் என்று குதித்தாள். பந்தியில் எல்லாரும் சிரித்தார்கள்.

அடுப்படி வாசலில் அம்மா குழம்புச் சட்டியோடு நின்றிருந்தாள், போன வருடம் நின்ற அதே இடத்தில். அவள் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. உடம்பு நலம் விசாரிக்கிற குரலில் என்னைக் கேட்டாள்.

"கொளந்த முழிச்சுக்கிச்சா கண்ணு?"

பந்தியில் சிரிப்பு நின்றது. சித்தப்பா அடுத்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே குனிந்தபடி நின்றார். பதில் சொல்லாமல் அவள் விடமாட்டாள் என்று தெரிந்தது.

"முழிச்சுக்கிச்சும்மா" என்றேன்.